கணுக்கால் தண்ணி

— கேட்டதுக்கு பதில் சொல்லு நைனா. பிரஷ்ஷ கீழ வெச்சிட்டு சொல்லு.

— நாளைக்கி மூணு பேரு ஞானஸ்நானம் எடுக்கப் போறாங்க ஜெனி. தொட்டி பூரா பாசி. உன் கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்லிக்கினு இருந்தா இத்த தேய்க்கறது யாரு?

— நான் தேய்க்கறன். குடு இப்டி. நீ ஏறிப் போயி மேடப் பலக மேல ஒக்காரு. ஒக்காந்து சொல்லு, குணா இப்ப எங்க கீறான்?

— இந்த ஒரு மாசத்துல எத்தினி வாட்டி கேட்டுட்ட இதையே.

— நீ ஒரு வாட்டி கூட பதில் சொல்லல. மொத வாட்டி ஜெபம் பண்ணுன்ன. அப்பால உபவாசம் இருன்ன, இருந்தேன். போன வாரம் கேட்டப்ப தட்டுல இருந்த நாஷ்டாவ அப்டியே வுட்டுட்டு எழுந்து போயிட்ட.

— அது கர்த்தரு கையில கீற விஷயம் கண்ணு. அத்த பேசறதுக்கு நம்ப யாரு?

— இது புதுசா கீதே. இருவது வருஷமா இந்த ஷீட்டு கொட்டாயில மைக்க புடிச்சிக்கினு நீ இன்னா பேசின? தண்ணில முழுவி எழாதவன் பரலோகத்து வாசப்படிய மிதிக்க மாட்டான்னு பேசினது யாரு? சிப்காட்டுல கீற பாதி கம்பெனி ஆளுங்களுக்கு தெரியும், பாக்கியநாதன் பாஸ்டரு தண்ணி விஷயத்துல ஸ்ட்ரிக்ட்டுன்னு. அப்பல்லாம் செத்தவன் எங்க போவான்னு உனுக்கு நல்லா தெரிஞ்சிது. என்னைய கட்டிக்கப் போறவன் செத்தப்பறம் மட்டும் தெரியாம பூட்ச்சா?

— கொரல கொறச்சிக்கமா. ஷிப்டு வுட்டு ரோட்டுல ஆளுங்க போய்க்கினு கீறாங்க.

— போவட்டும். அவங்களும் குணா கூட இரும்பு உருக்கற பர்னஸ்ல நின்னவங்க தான். நீ சொன்னா அவங்களும் தெரிஞ்சிக்குவாங்க.

— இதப் பாரு ஜெனி. அவன் நல்ல புள்ள. மூணு வருஷமா சபைக்கி வந்தான். பாய் விரிச்சான், சேரு தூக்கினான், பேன் ரிப்பேர் பண்ணான். உன்னைய கட்டிக்கறதுக்கோசரம் மட்டும் வரல. மெய்யாலுமே நம்பிக்கினு தான் வந்தான், எனுக்கு அது தெரியும். ஜெபம் பண்ணுடான்னா ‘ஹலோ ஆண்டவரே’ன்னு ஆரம்பிப்பான். நான் கூட திட்டினேன், போன் பேசறியாடான்னு.

— ஆமாங்க பாஸ்டரு, அந்தாண்ட எடுத்துட்டாங்க, அதான் ஹலோ சொன்னேன்னான். நீ சிரிச்ச. இந்தக் கொட்டாயில நீ சிரிச்சத நான் அன்னிக்கி தான் பாத்தேன்.

— ஆமா. சிரிச்சேன்.

— அவன் நம்பினான்னு நீயே சொல்ற. அது போதாதா?

— நம்பணும், முழுவணும். ரெண்டும் வேணும். நான் சொல்லல, வேதம் சொல்லுது. ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லனா செல்லாது.

— சரி. அப்ப அந்த ஞாயித்துக்கெழம இங்க நடந்தத சொல்லு.

— வுடு ஜெனி.

— நீ சொல்ல மாட்ட, நானே சொல்றன். எளாவூர்ல இருந்து வந்த டேங்கர் லாரி வழி பூரா ஒழுவிக்கினே வந்துச்சி. இங்க வந்து ஓஸ் பைப்ப போட்டா இந்த தொட்டில கணுக்கால் அளவு கூட சரியா ரொம்பல. போர் தண்ணி வுடலாம்னா அது செவப்பா வருது, துரு நாத்தம். குணா புது வேட்டி, வெள்ள சட்ட போட்டுக்கினு தோ இங்க நிக்கறான், நான் நிக்கற இதே எடத்துல. சபையே பாத்துக்கினு கீது. பாஸ்டர், ஒரு மக்குல மொண்டு தலையில ஊத்திடுங்க, எனுக்கு ரெண்டாவது ஷிப்டு கீதுன்னான். நீ இன்னா சொன்ன?

— உனுக்கு தான் தெரியுமே.

— உன் வாயால கேக்கணும் எனுக்கு.

— ஊத்தறது ஞானஸ்நானம் இல்லப்பா, அடுத்த வாரம் தொட்டி ரொம்பட்டும், நல்லபடியா பண்ணலாம்னு சொன்னேன்.

— அடுத்த வாரம். செவ்வாக்கெழம மழ. வெளிய கெடந்த இரும்பு ஸ்க்ராப்பு பூரா நனைஞ்சி போச்சி. கொதிக்கற இரும்புல ஈரம் பட்டா வெடிக்கும்னு சின்னப் புள்ளைக்கி கூட தெரியும், அவசரம்னு அப்டியே கொட்டச் சொன்னாங்க, வெடிச்சி குணா மேல அடிச்சிடுச்சி. வெள்ளிக்கெழம மத்தியானம் செத்துட்டான். உன் அடுத்த வாரம் வரவே இல்ல நைனா.

— அவன நான் கொன்னனா?

— கொன்னன்னு சொன்னனா நானு? அது கம்பெனி தப்பு, அத்த நான் கம்பெனிகாரங்க கிட்ட கேட்டுக்கறன். உன் கிட்ட கேக்கறது ஆஸ்பத்திரில நடந்தது. எங்க யாரையும் உள்ள வுடல. பாஸ்டருன்னு சொன்னதால உன்ன மட்டும் அஞ்சி நிமிஷம் வுட்டாங்க. நான் உன் கையில தண்ணி பாட்டில குடுத்து அனுப்பினேன். நெத்தில ரெண்டு சொட்டு வுட்டு ஏசு பேர சொல்லிட்டு வந்துடு நைனான்னு கால புடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க, நான் வெக்கப்படல. நீ போனா மாதிரியே திரும்பி வந்த. பாட்டிலு மூடி கூட தெறக்கல.

— புண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரும்மா.

— அதுக்கோசரமா தெறக்கல?

— இல்ல.

— பின்ன?

— உன் கிட்ட பொய் சொல்ல மாட்டேன். கையில பாட்டில வெச்சிக்கினு தான் நின்னேன். அவன் மொகத்துல கட்டு போடாத எடம் நெத்தி மட்டும் தான். மூடிய புடிச்சி திருவவும் பாத்தேன். ரெண்டு சொட்டு தெளிச்சி இதான் ஞானஸ்நானம்னு சொல்ல எனுக்கு வாய் வரல ஜெனி. தெளிக்கறவங்க வாணாம்னு தானே நான் அந்த சபைய வுட்டே வந்தேன்.

— தாத்தாவ வுட்டு வந்த.

— ஆமா, எங்கப்பன வுட்டு வந்தேன். கைக்கொழந்தையில சர்ச்சு ஐயரு என் தலையில தெளிச்ச தண்ணியே எனுக்கு போதும்டா, உன் தொட்டில வந்து நான் விழ மாட்டேன்னு சொல்லிட்ட மனுஷன். அவரு செத்தப்ப வள்ளூர் கல்லறையில ஊரே நிக்குது. பெரிய புள்ள நீ, ரெண்டு வார்த்த பேசுன்னாங்க. எங்கப்பன் ரட்சிக்கப்படாம பூட்டாரு, நீங்களாச்சும் தப்பிச்சிக்கங்கன்னு பேசினேன். மண்ணு கூட இன்னும் தள்ளல. எங்கம்மா அங்கியே தரையில ஒக்காந்துட்டா. அதுக்கப்பறம் அவ சாவற வரைக்கும் என் கையால ஒரு டீ வாங்கிக் குடிக்கல.

— இத்த நீ என் கிட்ட சொன்னதே இல்ல.

— இத்த எவன் சொல்லுவான்? இப்ப நீ கேக்கற, குணாவ உள்ள வுடுன்னு. வுடறன். வுட்டா, எங்கப்பன நான் எதுக்கு வெளிய தள்ளினேன்? எங்கம்மாவ எதுக்கு அழ வெச்சேன்? அதுக்கு பதில் சொல்லு நீ.

— தப்பா தள்ளிட்டேன்னு சொல்லிட்டு போயேன். இன்னா ஆயிடும்?

— அப்பறம் நான் யாருன்னு எனுக்கே தெரியாது.

— சிலுவையில ஏசு பக்கத்துல தொங்கின கள்ளன் எந்த தொட்டில முழுவினான் நைனா? அவனுக்கு எடம் கெடச்சிதே.

— அவனால எறங்கி வர முடியல. ஆணி அடிச்சிட்டாங்க. குணாவுக்கு அப்டி இல்ல, வந்து தொட்டில நின்னானே.

— ஆமா. நின்னவன தொட்டிய வுட்டு ஏத்தி அனுப்பினது நீ.

— ஜெனி, போதும்மா. நீ மட்டும் தான் அழுவறன்னு நெனச்சிக்கினு கீறியா?

— நீ எங்க அழுத? சபையில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மெர்சி அக்கா, ஆண்டவருக்கு அவன் தேவப்பட்டான், எடுத்துக்கினாரு, நீ சந்தோஷப்படணும்ன்றாங்க. இம்மானுவேல் அண்ணன், கேள்வி கேக்கறதே பிசாசு வேலன்னு என் தலைய புடிச்சி ஆட்டி ஜெபம் பண்றாரு, கழுத்து சுளுக்கிக்கிச்சி. ஏஞ்சலின் டீச்சரு தெனம் காலைல போன்ல ஒரு வசனம் அனுப்பறாங்க, பூ படம் போட்டு. ஒருத்தரு கூட, எனுக்கு தெரியலமா, எனுக்கும் வயிறு எரியுதுன்னு சொல்லல. நீயாச்சும் சொல்லுவன்னு பாத்தேன்.

— எரியுது.

— இன்னா?

— எனுக்கும் எரியுதுன்னு சொன்னேன். அவன் நல்லா கீறான்னு உன் கிட்ட சொல்லணும்னு தெனம் ஒத்திக பாக்கறன். பல்லு வெளக்கறப்ப சொல்லிப் பாக்கறன். உன் மூஞ்சிய பாத்தா வர மாட்டேங்குது. அத்த சொல்லிட்டா அப்பால நான் சொல்றது எதையும் நீ நம்பக் கூடாது.

— எனுக்கு நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நாளைக்கி முழுவற மூணு பேருல முத்தம்மா அத்த கீறாங்க. அவங்களுக்கு சொல்லு.

— குணாவோட அம்மாவுக்கு இன்னா சொல்லணும்?

— தெரியாத மாதிரி கேக்காத. புள்ள மேல கீறான், நாமளும் முழுவிட்டா ஒரு நாளு போயி அவன பாக்கலாம்னு நெனச்சிக்கினு தான் அவங்க ஞானஸ்நானத்துக்கு பேரு குடுத்தாங்க. அவன் அங்க ஒழுங்கா துன்றானோ இல்லியோன்னு புதன்கெழம என் கிட்ட கவலப்படறாங்க. நீ நம்பறபடி பாத்தா, நாளைக்கி அவங்க முழுவி எழுந்தா புள்ளைய எப்பயும் பாக்க முடியாது. அவன் ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். இத்த சொல்லாம நீ அவங்கள தண்ணில எறக்கக் கூடாது.

— சொல்றன். மொதல்ல அவங்க ஆத்துமா தப்பட்டும். முழுவி எழட்டும். அப்பால ஒரு நாளு பக்குவமா சொல்லிக்கலாம்.

— அது ஏமாத்து வேல.

— ஒரு ஆத்துமாவ காப்பாத்தறது ஏமாத்து வேலயா?

— அவங்க போவணும்னு நெனக்கற ஊரு வேற, நீ ஏத்தி வுடற பஸ்ஸு வேற. பஸ்ஸு கெளம்பினப்பறம் சொல்லுவியா? ஞானஸ்நானத்துக்கு மொத நாளு ஒவ்வொருத்தரையும் கூப்ட்டு ஒக்கார வெச்சி கேள்வி கேப்ப இல்ல, அதுக்கு இப்ப வருவாங்க. நீ சொல்லு. சொல்லலனா நான் சொல்லிடுவேன்.

— நீ சொல்லாத கண்ணு. கோவம் வந்தா என் மேல வரட்டும். குணா பக்கத்துல உனுக்குன்னு மிச்சம் கீறது அவங்க ஒருத்தங்க தான்.

— பாஸ்டரே, உள்ள வரலாமா? செருப்ப இங்கியே வுடட்டா?

— ஸ்தோத்திரம் முத்தம்மா. வாங்க. இப்டி பாய் மேல ஒக்காருங்க.

— ஜெனிம்மா, நீ இன்னாத்துக்கு தொட்டில எறங்கி தேய்க்கற? ஒரு வார்த்த சொன்னா நான் வந்து தேய்ச்சிருப்பேன் இல்ல. முழுவப் போறவ நானு.

— ஆயிடுச்சி அத்த. நீங்க ஒக்காருங்க.

— வெள்ளப் பொடவ வாங்கிட்டேன் பாஸ்டரே. கும்மிடிப்பூண்டி பஜார்ல எடுத்தேன். எதுக்கும்மா இந்த வயசுல வெள்ளன்னு கடக்காரன் கேட்டான். எம் புள்ளைய பாக்கப் போவணும்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்தான் பாவம்.

— முத்தம்மா, வழக்கமா கேக்கற கேள்வி கொஞ்சம் கீது. கேக்கறன். பாவத்த வுட்டுட்டீங்களா?

— வெத்தல பாக்க வுட்டுட்டேன். மேல் ஊட்டுக்காரி கூட சண்டைக்கி போறத வுட்டுட்டேன், அவ தான் இன்னும் வுடல. வேற இன்னா கீது என் கிட்ட வுடறதுக்கு?

— சாமி படமெல்லாம்?

— நாத்தனாருக்கு குடுத்துட்டேன். எங்கூட்டுக்காரரு இருக்கறப்ப கும்புட்ட படம், தூக்கிப் போட மனசு வரல. குடுத்தா தப்பில்லியே?

— தப்பில்ல. ஏசுவ நம்பறீங்களா?

— குணா நம்பினான் இல்ல. அவன் எதையும் வெசாரிக்காம நம்ப மாட்டான். அதனால நானும் நம்பறன். கேள்வி அவ்ளோ தானா? நான் ஒண்ணு கேக்கட்டா பாஸ்டரே, தப்பா எடுத்துக்கக் கூடாது.

— கேளுங்க.

— அங்க போனா ஒடனே பாத்துடலாமா அவன? இல்ல கூட்டத்துல தேடணுமா? எனுக்கு கண்ணு வேற சரியா தெரியல. அதான் கேக்கறன்.

— சொல்லு நைனா.

— ஜெனி, நீ கொஞ்சம் வெளிய இரும்மா.

— போவ மாட்டேன்.

— இன்னா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கறீங்க? கேக்கக் கூடாதத கேட்டுட்டனா?

— இல்ல முத்தம்மா. குணா ஞானஸ்நானம் எடுக்காம பூட்டான்.

— அந்த ஞாயித்துக்கெழம எடுக்கல, அது எனுக்கு தெரியும். ஊட்டுக்கு வந்தப்ப தல காஞ்சி கெடந்துச்சி. தொவட்டிக்கடான்னு துண்டு எடுத்துக் குடுத்தேன். இல்லம்மா, அடுத்த வாரம் நல்லபடியா பண்ணலாம்னு பாஸ்டரு சொல்லிட்டாரு, அவரு சொன்னா சரியா தான் இருக்கும்னான். அப்பால ஆஸ்பத்திரில நீங்க உள்ள போனீங்க இல்ல. அங்க குடுத்திருப்பீங்கன்னு இருந்தேன்.

— குடுக்கல முத்தம்மா.

— தண்ணி கெடைக்கலியா?

— கையில வெச்சிக்கினு தான் நின்னேன். கொஞ்சம் தண்ணி, ஆளு முழுவ முடியாத தண்ணி. அப்டி குடுத்தா அது செல்லாதுன்னு நம்பறவன் நான்.

— செல்லாதுன்னா இன்னா ஆவும்?

— உள்ள போவ முடியாது.

— அப்ப எம் புள்ள அங்க இல்லியா?

— நான் இத்தினி வருஷமா நம்பினபடி பாத்தா, இல்ல. நாளைக்கி உங்கள முழுக்கிட்டு அப்பால சொல்லலாம்னு தான் நெனச்சேன். கூட்டத்துல தேடணுமான்னு நீங்க கேட்டப்பறம் என்னால முடியல. செருப்ப எடுத்து அடிங்க முத்தம்மா, வாங்கிக்கறன்.

— அடிச்சா வந்துடுவானா அவன்? அழாதீங்க பாஸ்டரே. ஜெனிம்மா, அப்பாவ புடி, தொட்டில சாஞ்சிடப் போறாரு.

— அத்த, நான் சொல்றத கேளுங்க. இது நைனாவோட நம்பிக்க. என்னுது இல்ல. நான் கும்புடற ஏசு தண்ணிய அளந்து பாத்து ஆள சேக்கறவரு இல்ல. குணா எங்கயும் கஷ்டப்படல. ஹலோன்னு சொன்னப்பயே அவன் உள்ள போயிட்டான். நீங்க முழுவுங்க, முழுவாதீங்க, எப்டினாலும் அவன பாப்பீங்க.

— கேக்க நல்லா தான் கீது கண்ணு. உன் வாய்க்கி சக்கர போடணும். ஆனா நீ அவன் மேல உயிர வெச்சவ, நீ வேற இன்னா சொல்லுவ? அவரு இருவது வருஷமா அந்த புக்க படிக்கறாரு. அவன அவருக்கும் புடிக்கும், புடிச்சும் இப்டி சொல்றாரு. எது மெய்யின்னு எனுக்கு எப்டி தெரியும்?

— மெய்யின்னு நைனாவுக்கே தெரியாது அத்த.

— இருக்கட்டும். பாஸ்டரே, முழுவாம செத்தவங்க எங்க போவாங்க? அத்த மட்டும் சொல்லுங்க.

— வாணாம் முத்தம்மா.

— பெத்தவ கேக்கறன். சொல்லுங்க.

— நரகத்துக்கு.

— அங்க இன்னா கீது?

— நெருப்பு.

— சரி. நாளைக்கி எம் பேர எடுத்துடுங்க. இந்தப் பொடவ இங்கியே இருக்கட்டும், முழுவறவங்க யாராச்சும் கட்டிக்கட்டும். மடிப்பு கூட பிரிக்கல.

— அப்டி பண்ணாதீங்க. உங்க கால்ல விழறன். அவன் பூட்டான், நீங்களாச்சும் தப்பிச்சிக்கங்க, அவனே வந்தாலும் அத்த தான் சொல்லுவான். அது ஒரு நாளு ரெண்டு நாளுல அணையற நெருப்பு இல்ல முத்தம்மா. காலத்துக்கும் எரியும்.

— எரியட்டும் பாஸ்டரே. ஆஸ்பத்திரில மூணு நாளு எம் புள்ள எரிஞ்சிக்கினு கெடந்தான், அம்மா அம்மான்னு கூப்புடறது கேக்குது, என்னைய கண்ணாடிக்கு இந்தாண்டயே நிக்க வெச்சிட்டாங்க. அங்க போனாவாச்சும் பக்கத்துல வுடுவாங்க இல்ல?